அரைப்பேர் ஆட்டம்

நல்லதண்ணியிலிருந்து

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரை என் கைக்குப் பிந்தித்தான் வந்தது. 2025 மார்ச் 25ஆம் திகதி தாய்லாந்திடம் நம் இலங்கை உதைபந்தாட்ட அணி 1-0 என்று தோற்ற கையோடு நீ எழுதியது. ஆனி மாதம் என் தங்கை மகன் கொழும்பிலிருந்து வந்தபோது அவன் பையில் நாலாக மடிந்து கிடந்தது. அதற்குள் ஜூன் 10இல் கொழும்பில் சீன தாய்ப்பேயை நாம் 3-1 என்று வென்றும் ஆயிற்று. பந்தயம் முடிந்தபின் குதிரையைப் பற்றிப் பேசுகிறவனுக்கு உள்ள வசதி எனக்கும் உண்டு. தெரிந்துகொண்டே வாசி, கோபித்துக்கொள்ளாதே.

ஆட்டம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பாடம் எடுக்கப் போவதில்லை. இரண்டு இடங்கள் மட்டும் சோற்றில் கல்லாகக் கடிபட்டன. அவற்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலாவது அந்த பஸ். "இலங்கை அணி கோலுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் விட்டிருப்பேன். நாலு தடவை வருகிறது. தம்பி, நல்லதண்ணிக்காரனிடம் வந்து பஸ் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாமா? டிசம்பர் போயாவில் சீசன் தொடங்கினால் மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு வருகிற பஸ்களின் நடுவில் வளர்ந்தவன் நான். நிறுத்தி வைத்த பஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். கண்டக்டர் பீலியில் முகம் கழுவுவார். பஸ் தன்பாட்டுக்குக் கிடக்கும். கோலுக்கு முன்னால் தொண்ணூறு நிமிடம் நிற்கிற பின்களக்காரன் அப்படியா கிடக்கிறான்? பக்கத்திலுள்ளவன் ஓரடி முன்னே போனால் இவன் ஓரடி உள்ளே நெருங்க வேண்டும். அவன் தவறவிட்டதை இவன் எடுக்க வேண்டும். பந்து இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்தில் எவன் நழுவுகிறான் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்து 'பஸ்' என்று எழுதுகிறவன் அங்கே நிற்கிறவர்களைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்தச் சொல் உன்னுடையதும் இல்லை. 2004இல் செல்சி அணியால் டொட்டன்ஹாமுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் போன அன்று, அவர்களுடைய கோச் ஜோசே மொரீனியோ எரிச்சலில் சொன்னது. பிற்காலத்தில் அதே சொல்லை அவருடைய அணிகள்மேலேயே எல்லோரும் திருப்பி எறிந்தார்கள். கோல் அடிக்கத் தெரியாமல் நின்ற ஒருவருடைய வாயிலிருந்து வந்த புலம்பலை எடுத்து நம் பையன்கள்மேல் ஒட்டியிருக்கிறாய். நம்மிடம் சொல்லா இல்லை? 'அடைச்சு ஆடுறது' என்று உங்கள் டிவிசனில் சொல்ல மாட்டார்களா?

இரண்டாவது, 'பயந்தாங்கொள்ளி ஆட்டம்'. இதை வாசித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். 2022 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களை நீ பார்த்திருப்பாய். 2019இல் இரண்டாம் சுற்றில் ஐந்து ஆட்டம் ஆடினோம், ஒரு கோலும் போடவில்லை. அந்த அக்டோபரில் தென்கொரியாவில் 8-0. கிம் ஷின்-வுக் என்று ஆறடிக்கும் மேலே வளர்ந்த ஒரு மனிதர் தனியாக நாலு கோல் போட்டார். உயரப் பந்து வரும் ஒவ்வொரு தடவையும் நம் பையன்கள் அவருடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அணி 2025 மார்ச்சில் தாய்லாந்துக்குப் போய் ஒரேயொரு கோலோடு திரும்பியிருக்கிறது. எட்டிலிருந்து ஒன்றுக்கு வருவதற்கு எத்தனை பேருடைய முழங்கால் தேய்ந்திருக்கும்! பயந்தவனுக்கு அது வராது. தென்கொரியா வேறு, தாய்லாந்து வேறு என்பாய். சரி, வேறுதான். இருந்தாலும் சொல்லை அளந்து போடு.

அடைத்து ஆடுவது பாவம் என்ற எண்ணம் உனக்கு எங்கிருந்து வந்தது? 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் கிரேக்கத்தை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் அவர்கள் மண்ணிலேயே போர்த்துக்கல். மூன்று ஆட்டமும் 1-0, மூன்று கோலும் தலையால் போட்டது. அறுபதுகளில் ஹெலேனியோ ஹெரேரா இன்டர் மிலான் அணியை அடைத்து ஆட வைத்து 1964, 1965 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார். அந்த ஆட்டமுறைக்கு இத்தாலியர்கள் வைத்த பெயரின் அர்த்தம் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அந்தப் பின்களத்தில் ஜியாசிந்தோ ஃபக்கெட்டி என்று ஒருவர் இருந்தார். பந்தைப் பறித்த மறுகணம் இடது ஓரமாக ஓடத் தொடங்கிவிடுவார். 1965 அரையிறுதியில் லிவர்பூலுக்கு எதிராக இந்தப் பின்களக்காரர்தான் ஒரு கோலைப் போட்டார். தாழ்ப்பாள் உள்ளே போட்ட வீட்டில் பின்வாசல் திறந்திருந்தது.

இங்கேதான் என் பழைய பைத்தியத்துக்கு வருகிறேன். என்னோடு ஒரு பிளேன்டீ குடித்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு உன் முறை.

நான் ஆடிப் பழகிய மைதானத்தை உனக்குத் தெரியாது. இப்போது அதில் பாதியை மண் மூடிவிட்டது. பெயர்தான் மைதானம். மேட்டுப் பக்கக் கோலில் நின்று பார்த்தால் பள்ளப் பக்கத்துக் கீப்பருடைய தலை மட்டும்தான் தெரியும். டொஸ் வென்றவன் முதல் பாதியில் மேட்டை எடுத்துக்கொள்வான், மத்தியானத்துக்குப் பின் மழை வரும் என்பதற்காக. பள்ளத்திலிருந்து மேலே ஆடுகிற அணி அடைத்துத்தான் ஆட வேண்டும், வேறு வழியே இல்லை. நான் பேக். பறிப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்கு எண்ணம். காலில் பந்து சிக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே உதை. பந்து ரோட்டைத் தாண்டித் தேயிலைக்குள் போகும், சிலநேரம் ஆற்றுக்கே போகும். இருப்பது ஒரே பந்து. சின்னப் பையன்கள் இறங்கி, அட்டைக் கடியோடு தேடிக்கொண்டு வரும் வரைக்கும் இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நிற்போம். சுற்றி நின்றவர்கள் எனக்குத்தான் கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் மட்டும் கைதட்ட மாட்டார். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தபடி இருப்பார். ஒருநாள் ஆட்டம் முடிந்து வரும்போது கூப்பிட்டார்.

"பந்த வாங்குற, சரி. வாங்கினத யாருக்குக் குடுத்த?"

நான் முழித்தேன்.

"தேயிலைக்குக் குடுத்த. இல்லாட்டி அவனுக்கே திருப்பிக் குடுத்த. ஒனக்கு அரைப்பேருதான்."

அரைப்பேர் என்றால் என்னவென்று உனக்கு விளக்கத் தேவையில்லை, உன் அம்மாவுக்கும் விழுந்திருக்கும். காலையிலிருந்து அட்டையிலும் மழையிலும் நின்று பறித்து, தோட்டம் கேட்ட கிலோவுக்கு இரண்டு கிலோ குறைந்தால் செக்ரோல் பதிவேட்டில் பாதி நாள்தான் விழும். பறித்தது முழு நாள். பெயர் அரை. அந்த அநியாயத்தை வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்தவர்தான் அந்தக் கணக்கப்பிள்ளை. ஆட்டத்திலாவது கணக்கைச் சரியாகப் போடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. அன்றிலிருந்து எந்த ஆட்டம் பார்த்தாலும் ஒரு சீ.ஆர். கொப்பியை மடியில் வைத்துக்கொள்வேன். நம் ஆள் பந்தைப் பறித்தால் ஒரு கோடு. பறித்த பந்து இரண்டு கால் கடந்தும் நம்மிடமே இருந்தால் அந்தக் கோட்டின்மேல் குறுக்காக இன்னொரு கோடு. தனிக் கோடு அரைப்பேர், குறுக்குக் கோடு முழுப்பேர். ஐந்து கொப்பி முடிந்துவிட்டது, வீட்டில் திட்டு வாங்கியதும் முடிந்துவிட்டது.

நீ 'கோல் எங்கே?' என்று கேட்கிறாய். ரசிகனாகக் கேட்டால் நியாயம். எழுதுகிறவன் அதற்கு முந்திய கேள்வியைக் கேட்க வேண்டும்: பறித்த பந்து எங்கே போனது? நம் அணி ஆடுகிற நாளில் என் கொப்பியில் தனிக் கோடுகள் மழைக்கம்பி மாதிரி நிற்கும். முன்னால் ஒற்றையாக நிற்கிற போர்வட் ஓடி ஓடிக் களைக்கிறான். அவன் தலைக்கு மேலே பந்து பறந்து எதிரியின் நெஞ்சில் போய் விழுகிறது. அடுத்த நிமிடம் அது திரும்பவும் நம் கோலடியில். அப்படி இருபது தடவை அடைத்தவன் இருபத்தோராவது தடவை தவறுவான், அவனும் மனிதன்தானே. நீ அந்த இருபத்தோராவதை மட்டும் எழுதி, பின்களத்தைத் திட்டி, முன்களத்தையும் திட்டி முடித்துவிட்டாய். நடுவில் நடந்த இருபதும் உன் கட்டுரையில் இல்லை.

ஏன் உதைத்துத் தள்ளுகிறான் என்று கேட்டால் எனக்கு என் கால் ஞாபகம் வருகிறது. சரிவிலும் குழியிலும் பழகியவனுக்குப் பந்தைக் காலடியில் வைத்திருக்கப் பயம். சமதரை இல்லாத ஊரில் பந்தை நிறுத்தப் பழகுவது எங்கே? அது மட்டுமில்லை. ஒழுங்காக வருடம் முழுக்க நடக்கும் லீக் இல்லை. 2021இல் சூப்பர் லீக் என்று ஆரவாரமாகத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டையே தடை செய்தது. ஆகஸ்ட்டில் தடை நீங்குவதற்குள், பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணமும் நாம் இல்லாமலே முடிந்துபோனது. 1995இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தூக்கிய கிண்ணம் அது. பின்களக்காரன் பயிற்சியிலேயே பாதி பழகிவிடுவான். போர்வட் ஆட்டத்தில்தான் பழகுவான். ஆட்டமே இல்லாத ஊரில் கோல் எப்படி முளைக்கும்? 2021 ஜூனில் லெபனானிடம் 3-2 என்று தோற்றபோது நம் இரண்டு கோலையும் போட்டவர் வசீம் ராசிக். அவர் பெர்லினில் பிறந்து ஜெர்மனியில் ஆடிப் பழகியவர். நம் கோலுக்குச் சமதரை தேடிப் போனால் ஜெர்மனியில்தான் கிடைக்கிறது. இது யாரையும் குறை சொல்ல எழுதியதில்லை. உன் கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய பந்தி.

சரி, திட்டியது போதும். உன் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. தாய்லாந்து கோல் போட்ட நேரத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமல், டிவியையும் பார்க்காமல், "தெரியும்" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை வாசித்துவிட்டு என் தங்கை மகனைக் கூப்பிட்டு மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். நாற்பது வருடமாக நான் பத்திரிகைகளுக்கு எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு வரி எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. இந்த நாட்டில் உதைபந்தாட்டம் பார்க்கிறவனுடைய மனசு முழுக்க அந்த ஒற்றைச் சொல்லில் வந்துவிட்டது. அந்த வரியை எழுதிய கை எப்படியப்பா அந்த பஸ்ஸையும் எழுதியது? கோபம் உன்னிடம் நன்றாகவே சிக்கியிருக்கிறது, நல்ல பறிப்பு. சிக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு உதைத்துவிட்டாய், தேயிலைக்குள் போய்விட்டது. எனக்கு அன்றைக்கு விழுந்த அரைப்பேர்தான் உனக்கும் இப்போது.

சீன தாய்ப்பேயை வென்ற அன்று என் கொப்பியில் குறுக்குக் கோடுகள் கொஞ்சம் கூடியிருந்தன. கண் மங்கிவிட்டது, சிலதை ஆசையில் போட்டிருப்பேன். அதனால் அதை நம்பி நீ எழுத வேண்டாம். நீயே எண்ணு.

வருகிற ஞாயிறு மவுஸ்ஸாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு டீம் நம் பையன்களோடு ஆட வருகிறது. மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் ஆட்டம் தொடங்குவதற்குள் வந்துவிடலாம். மேட்டுப் பக்கம், பலாமரத்தடியில் இருப்பேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வா. கொப்பி என்னிடம் இருக்கிறது, பென்சில் மட்டும் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பேக்