கடலடியில் ஒரு கல்லறை

இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டோர் உற்ற துயரங்களுள், நியூகினித் தொண்டர் துப்பாக்கிப் படையினரின் முடிவு நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவதாகும். ஆஸ்திரேலிய ஆட்சிக்குட்பட்டிருந்த நியூகினியில் 1939இல் அமைந்த அப்படையில், அங்கு வாழ்ந்த ஆஸ்திரேலிய இளைஞர் பலர் மனமுவந்து சேர்ந்தனர். 1942 ஜனவரி 23இல் ரபவுல் நகர் ஜப்பானியர் வசமாக, அவர்களுள் பலர் சிறைப்பட்டனர்.

ஜூன் 22இல், ஏனைய கைதிகளுடன் ‘மாண்டிவீடியோ மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலில் ஏற்றப்பட்டனர். கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் உள்ளிருப்பதை அறிவிக்கும் அடையாளம் எதுவும் கப்பலில் இல்லை. ஜூலை 1இல், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கப்பால், நேச நாடாகிய அமெரிக்காவின் நீர்மூழ்கி ‘ஸ்டர்ஜன்’, அதனைப் பகைவர் கப்பலென்றே கொண்டு தாக்கி மூழ்கடித்தது. கைதிகளுள் ஒருவரும் பிழைத்திலர்.

போர் முடிந்த 1945இல்தான் குடும்பத்தார் செய்தியறிந்தனர். மூழ்கிய கப்பலோ 2023இல், நாலாயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் கண்டறியப்பட்டது. கைதிக்குரிய அறத்தைப் போர் மறந்தால், நண்பன் கையாலேயே நண்பன் மாய்வான் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.