அக்காவின் இரண்டு நோட்டுகள்

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன், சேக்காடு)



ரெக்கார்டு நோட்டு என்றதும் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரின் முகம் ஞாபகத்துக்கு வரும். வெட்கப்பட வேண்டாம், நானும் முதலாண்டில் வெர்னியர் காலிப்பர் பரிசோதனையை அப்படித்தான் எழுதினேன். வைவா எடுக்க வந்தவர் நோட்டைப் புரட்டினார். மேஜையில் கிடந்த காலிப்பரை எடுத்துத் தாடைகளை மூடிக் காட்டினார். "இதுல பூஜ்யப் பிழையே இல்லையே தம்பி. நீ 0.04 மி.மீ.னு எழுதியிருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு?" சீனியர் பிடித்த காலிப்பர் வேறு, என் கையில் இருந்தது வேறு. அவருடைய கருவியின் பிழையைக்கூட நான் விசுவாசமாகக் காப்பி அடித்திருந்தேன்!

இதை வீட்டில் சொல்ல முடியாமல், சேக்காட்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெரியம்மா மகள் உடலியங்கியலில் எம்.டி. முடித்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்தான். ஆனால் சிரித்துவிட்டு, "இருடா, நானும் ரெக்கார்டு எழுதுறேன், பாக்குறியா?" என்று இரண்டு நோட்டுகளை எடுத்து வந்தார். ஆசிரியருக்கும் ரெக்கார்டு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதலாவது அலுவலகத்துக்கான ஃபைல். தேதி, பாடம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வந்தார்கள், கலந்துகொண்ட பயிற்சி முகாம், சான்றிதழ் நகல், போட்டோ. பதவி உயர்வுக்கு இது வேண்டும், குறை சொல்வதற்கில்லை. இரண்டாவது ஒரு சாதாரண லாங் சைஸ் நோட்டு. அதை யாரும் கேட்கவில்லை, கையெழுத்தும் கிடையாது. அவர் தனக்காக எழுதுவது. என் கட்டுரையே அந்த இரண்டாவது நோட்டைப் பற்றித்தான்.

அதில் ஒரு பக்கம்: இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுத் தந்த வகுப்பு. இந்தப் பாடத்தை நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். கையில் பட்டையைக் கட்டிக் காற்றேற்றி, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, காற்றை மெல்ல இறக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பில் முதல் 'டொக்' கேட்கும் அளவு மேல் அழுத்தம். ஓசை மறையும் அளவு கீழ் அழுத்தம். 1905ல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் சொன்ன முறை இது. இறக்கும் வேகம் வினாடிக்கு 2 முதல் 3 மி.மீ. பாதரச அளவு இருக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் முதல் ஓசை கேட்பதற்குள் முள் கீழே போய்விடும். மேல் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மருந்து தேவைப்படுகிற ஒருவரை 'உங்களுக்கு ஒண்ணுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் பிழை அது.

அன்றைய தேதிக்கு ஃபைலில் இருப்பது: 'இரத்த அழுத்தம் அளத்தல், செய்முறை, 2 மணி நேரம், முடிந்தது.' நோட்டில் இருப்பது வேறு. 'நான் செய்து காட்டியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அவர்களைச் செய்யச் சொன்னதும் பாதிப் பேருக்கு மேல் காற்றைச் சட்டென்று திறந்துவிட்டார்கள். 2 முதல் 3 என்று வாயால் சொல்லத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. நான் செய்து காட்டியபோது அவர்கள் முள்ளைத்தான் பார்த்தார்கள், திருகைத் திருப்பிய என் விரலைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறு மாணவர்களுடையது என்று எழுதுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் தன் விரலைக் குற்றவாளியாக்கியிருந்தார்.

"இப்படி எழுத யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன். 2019ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை இந்திய மருத்துவக் கழகம் மாற்றியது. 'என்ன தெரியும்' என்பதோடு 'என்ன செய்ய வரும்' என்பதையும் பார்க்கும் பாடத்திட்டம் அது. அதிலிருந்து மாணவர்கள் லாக்புக் வைக்கிறார்கள், சில பாடங்களில் தங்கள் அனுபவத்தைத் தாங்களே அலசி எழுதவும் வேண்டும். "பசங்களை எழுதச் சொல்லிட்டு நான் எழுதாம இருந்தா எப்படிடா?" என்றார். அவர் பின்பற்றும் முறையை வகுத்தவர் கிரஹாம் கிப்ஸ். 1988ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தைப் பதிப்பித்தது எது தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு பாலிடெக்னிக்! (பெயரைப் பார்த்ததும் நம்ம ஆளுங்கப்பா என்று தோன்றியது. 1992ல் அது பல்கலைக்கழகம் ஆகிவிட்டது.) என்ன நடந்தது, அப்போது எனக்கு என்ன தோன்றியது, எது சரி எது சரியில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டே போவதுதான் அவர் முறை. பலர் இரண்டாவது கேள்வியை அசட்டுத்தனம் என்று தாண்டிவிடுகிறார்கள். 'புரிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்' என்ற வரி இல்லாவிட்டால், தலையாட்டலை நம்பி ஏமாந்தது அக்காவுக்கே பிடிபட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இது ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தமிழில் மேனாட்டு மருத்துவம் சொல்லித் தந்த முன்னோடி ஆசிரியர் ஒருவரின் கதையை அக்காதான் எனக்குச் சொன்னார். அமெரிக்காவின் ஊஸ்டர் நகரில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1847ல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு 25 வயது. அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிவிட்டார். அவரும் புது வாத்தியார்தான்! முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்கும் தூரத்து ஊர்களுக்கும் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தன் பாடம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டுக்கொள்ளாத ஒருவர் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்.

மாற்றினால் போதுமா, புத்தகம் வேண்டாமா? கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் பார், அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்று என்று விதி வகுத்துக்கொண்டு, சொற்பட்டியல்கள் தயாரித்தார். மாணவர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள். உடற்கூற்றியலில் இன்றும் பெரிய புத்தகமான கிரேயின் நூல் 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. வேதியியல் 1875ல் 'கெமிஸ்தம்' என்று வந்தது. அக்காவின் பாடமான உடலியங்கியலுக்கு அன்று 'சுகரணம்' என்று பெயர். 1873ல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பிறகும் தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884ல் காலமானார். 60க்கும் மேற்பட்டவர்களை அவர் மருத்துவர்களாக்கியதும், அதில் பாதிக்கு மேல் தமிழில் படித்தவர்கள் என்பதும் நமக்குத் தெரிவது எழுதி வைத்ததால்தான். அவருடைய கடிதங்கள் 1891ல் நூலாகவே வந்தன.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அக்காவின் நோட்டில் நோயாளி பெயரோ மாணவர் பெயரோ கிடையாது. "நோட்டு பஸ்ஸுல தொலைஞ்சு போனாலும் யாருக்கும் தலைகுனிவு வரக் கூடாது, எனக்குத் தவிர" என்பார். அன்றன்றே எழுதிவிடுவார், பத்து வரிக்கு மேல் போகாது. வாரக் கடைசியில் மொத்தமாக எழுதினால் தான் செய்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது போல ஆகிவிடுமாம்.

இந்த ஆண்டு லேத் ஷாப்பில் நானும் ஒரு இரண்டாவது நோட்டு போட்டிருக்கிறேன். ரெக்கார்டில் 'டேப்பர் டர்னிங் செய்யப்பட்டது' என்றிருக்கும். நோட்டில், 'கோணத்தைப் பாதியாக்காமல் முழுசா வெச்சுட்டேன், ஜாப் வீண். பக்கத்து மெஷின்காரன் செட்டிங்கைப் பார்த்து வெச்சேன், கணக்குப் போடலை' என்றிருக்கிறது. படிக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஜாப் வீணாகவில்லை.

போன வாரம் அக்காவின் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். அதே பாடம், மூன்றாவது பேட்ச். 'இந்தத் தடவை இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தேன். ஒருவர் காற்றை இறக்க, மற்றவர் முள்ளைப் பார்த்து வேகத்தைச் சத்தமாகச் சொன்னார். இன்னும் ஐந்து பேர் வேகமாகத்தான் இறக்குகிறார்கள். வியாழக்கிழமை மதியம் அவர்களோடு மட்டும்.'