செவியே முதல் ஆசான்

நுழையும் முன்

இசைக் கல்லூரியில் சேர மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. தேர்வாளர் முன் வாசித்துக் காட்டவும் வேண்டும். அத்தேர்வுக்கு வயலின் மாணவர் எவ்வாறு ஆயத்தமாகிறார் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

மேலை இசையில் உயர்கல்வி அளிக்கும் கல்லூரிகள் பல நாடுகளில் உள்ளன. பாரிஸ் இசைக் கல்லூரி 1795இல் தோன்றியது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள கர்டிஸ் இசைக் கல்லூரி 1924இல் நிறுவப்பட்டது; 1928 முதல் அது கல்விக் கட்டணம் பெறுவதில்லை. இத்தகைய கல்லூரிகளில் இடங்கள் குறைவு, முயல்வோர் பலர். பல ஆண்டு உழைப்பைச் சில நிமிடங்களில் காட்ட வேண்டியிருப்பதே இத்தேர்வின் கடுமை.

தேர்வு விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எனினும் சுர வரிசை, விரற்பயிற்சி உருப்படி, பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதை தனி வயலினுக்கு இயற்றிய படைப்பு, பல்லியத்துடன் வாசிக்கும் கன்செர்ட்டோவின் ஒரு பகுதி ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பர். சுர வரிசை விரலின் துல்லியத்தைக் காட்டும். விரற்பயிற்சி கையின் திறத்தைக் காட்டும். பாக்கின் படைப்பில் ஒரே கருவியில் பல குரல்கள் உரையாடுவது போன்ற இசை எழ வேண்டும். அது மாணவரின் இசையறிவைக் காட்டிவிடும். சில கல்லூரிகளில், முன்பு பாராத இசைக்குறிப்பைக் கொடுத்து உடனே வாசிக்கவும் சொல்வர்.

வீணையில் மெட்டுகள் உள்ளன. வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் ஒரு நூலளவு விலகினாலும் சுருதி பிறழும். பிழையை முதலில் கண்டறிய வேண்டியது வாசிப்பவரின் செவியே. அதற்குக் கருவியும் துணை செய்கிறது. வயலினின் நான்கு கம்பிகள் ஜி, டி, ஏ, இ எனப்படும். டி கம்பியில் மூன்றாம் விரலை வைத்து ஜி சுரத்தைச் சரியாக வாசித்தால், அருகில் உள்ள ஜி கம்பி எவரும் தொடாமலேயே அதிரும். சுருதி சற்றே பிறழ்ந்தாலும் அவ்வதிர்வு அடங்கிவிடும். இதனை ஒத்ததிர்வு என்பர்.

ஆதலால் தேர்ந்த மாணவர் முதலில் மெதுவாக வாசிக்கிறார். கடினமான இடத்தை மட்டும் பிரித்தெடுத்து, பிழையின்றி வரும்வரை பழகுகிறார். பின்னரே வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார். விரைந்து வாசித்துப் பிழையையே பழகிவிட்டால், அதனை நீக்க இருமடங்கு உழைப்பு வேண்டும். தம் வாசிப்பைப் பதிவு செய்து கேட்பதும் நன்று. வாசிக்கும்போது புலப்படாத குறைகள் தன்னொலியைத் தானே கேட்கையில் புலப்படும்.

தேர்வு நெருங்கும்போது வீட்டாரையும் நண்பரையும் அமர்த்தி, அவர்முன் ஒரே முறையில் முழுவதையும் வாசித்துப் பழக வேண்டும். அச்சம் கைகளைக் குளிரச் செய்யும். வில்லை நடுங்கச் செய்யும். அந்த நடுக்கத்தோடு வாசித்துப் பழகியவர்க்குத் தேர்வு அறை புதிதன்று. நேரம் கருதித் தேர்வாளர் பாதியிலேயே நிறுத்தச் சொல்வதும் உண்டு. அது தோல்வியின் அடையாளம் அன்று.

இவ்வளவு உழைத்தும் இடம் கிடைக்காமல் போகலாம். இத்தாலிய இளைஞர் வெர்டி 1832இல் மிலான் இசைக் கல்லூரியில் சேர முயன்றார். அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பின்னாளில் அவர் உலகம் போற்றும் இசை நாடகங்களை இயற்றினார். அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தோற்றவர் எல்லாரும் வெர்டி ஆவதில்லை என்பதும் உண்மையே. ஆனால், தேர்வுக்காகப் பழகிய செவியும் கையும் எவரிடமிருந்தும் பறிக்கப்படுவதில்லை.

மேலை நாட்டில் பிறந்த வயலின் நம் இசைக்கும் உரியதாயிற்று. பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கர்நாடக இசைக்குப் பொருத்தினார். மேலை இசையில் தனியாக வாசிக்கும் கலைஞர் பெரும்பாலும் நின்று வாசிப்பர். கர்நாடக இசைக் கலைஞர் தரையில் அமர்ந்து வாசிப்பர். அமரும் முறை வேறாயினும், செவியே இருவர்க்கும் முதல் ஆசான்.

அருஞ்சொற்பொருள்

பல்லியம் – பல கருவிகள் சேர்ந்திசைக்கும் குழு
மெட்டு – வீணையில் சுர இடத்தைக் காட்டும் உலோகக் கட்டை
பிறழ்தல் – மாறுபடுதல்
ஆசான் – ஆசிரியர்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. விரற்பயிற்சி
2. தன்னொலி
3. அவ்வதிர்வு

ஆ. விடை எழுதுக.
1. வயலின் வாசிப்பவர்க்குச் செவிப்பயிற்சி இன்றியமையாதது ஏன்?
2. ஜி கம்பி தொடாமலேயே அதிர்வது எப்போது?
3. வெர்டியின் வாழ்விலிருந்து நீவிர் அறிவது யாது?

இ. செயல்பாடு
பாடப் பகுதி ஒன்றை உரக்கப் படித்துப் பதிவு செய்க. அதனைக் கேட்டு, உம் ஒலிப்பில் திருத்த வேண்டிய மூன்று சொற்களை எழுதுக. ல, ழ, ள ஒலிகளைச் சிறப்பாகக் கவனிக்க.