பழைய இரசமும் நண்பர் பந்தியும்

பிரான்சு தேசத்துப் போர்தோ பட்டணத்தைச் சூழ்ந்த நாட்டில் உண்டாகும் சிவந்த திராட்சை இரசத்தில் உயர்ந்ததை இருபது, முப்பது வருஷம் நிலவறையில் காத்து வைப்பவர்கள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் அறுவடை இவ்வகையில் பெயர் பெற்றது. தக்கை உலராதபடி புட்டியைப் படுக்க வைத்திருப்பார்கள். நாட்பட நாட்பட, துவர்ப்பும் நிறமும் தரும் பொருள்கள் ஒன்றுகூடி வண்டலாய்ப் படியும், சுவை மிருதுவாகும்.

நண்பர் கூடுமுன், முந்தின தினமே புட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். பின்பு அதன் கழுத்தின்கீழ் மெழுகுதிரி வெளிச்சம் பிடித்து, கண்ணாடிக் குடுவையில் மெதுவாய் வார்த்து, வண்டல் தோன்றியதும் நிறுத்த வேண்டும். 750 மில்லிலிட்டர் புட்டியைப் பத்துப் பேர் பகிர்ந்தால், ஆளுக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் கிடைக்கும். ருசி அறிய இது போதும். வெறி கொள்ள அன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முப்பது வருஷம் காத்த இரசம், திறந்தபின் காற்றுப்பட்டுச் சில மணி நேரத்தில் வாசனை குன்றிவிடும். மறுநாளைக்கென்று மீத்து வைப்பதில் பயனில்லை. திறவாமலே வைத்திருந்தாலோ, ஒருநாள் புட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும். அப்போது உடையவனுக்கும் இல்லை, நண்பனுக்கும் இல்லை.

ஆகவே, நல்லதைக் காத்து வைப்பது விவேகம். காலமறிந்து பகிர்வதே அதன் நிறைவு. நம் வீடுகளில் நிலவறை இல்லாதிருக்கலாம். ஆனால், 'பிறகு பார்ப்போம்' என்று நாம் பூட்டி வைத்த நல்லது ஒன்றுமே இல்லையா?