முதல் மாணவி நீதான்

அன்புத் தங்கைக்கு,

பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திய கையோடு நீ அனுப்பிய கணக்குப் புத்தகப் பட்டியல் வந்தது. சிங்கப்பூர் புத்தகம், சாக்சன், பீஸ்ட் அகாடமி, என்.சி.இ.ஆர்.டி., நம் சமச்சீர். இந்த ஐந்தில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதில் படம் நிறைய, எதில் பயிற்சி நிறைய, அவனுக்கு எது பிடிக்கும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருக்கிறாய். உன்னைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. வீட்டில் கணக்கு வாத்தியார் நீதானே? எந்தப் புத்தகம் உனக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்று முதலில் பார்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் 23 பேர், சீனாவில் 72 பேர் என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைச் சந்தித்து அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால் என்ன? இதற்குப் பொருந்தும்படி ஒரு கதைக்கணக்கு சொல்லுங்கள். அமெரிக்க ஆசிரியர்களில் விடையைச் சரியாகக் கண்டவர்கள் 9 பேர். சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் பள்ளி, கல்லூரியில் அதிக ஆண்டுகள் படித்தவர்கள் அமெரிக்கர்கள்தான். சீனர்கள் பாடநூலையும் ஆசிரியர் கையேட்டையும் வரிவரியாக உட்கார்ந்து படிக்கிறார்கள், ஒரே கணக்கை இன்னும் எத்தனை வழியில் போடலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று மா எழுதுகிறார்.

நீயே ஒரு கதை சொல்லிப் பார். ‘ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால்’ என்று தொடங்கினாயானால் நீ இரண்டால் வகுக்கிறாய், அரையால் இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் அது. ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் எத்தனை பாக்கெட் வரும்? மூன்றரை. அவ்வளவுதான் விஷயம். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்த மூன்றரை எதைக் குறிக்கிறது என்று நம்மில் பலரிடம் யாரும் கேட்டதில்லை.

எந்தப் புத்தகத்தை வாங்குவதானாலும் இரண்டு பாடங்களைப் புரட்டிப் பார். ஒன்று, இந்தப் பின்ன வகுத்தல். இன்னொன்று, 42இலிருந்து 17ஐக் கழிப்பது. நான்கை அடித்து மூன்றாக்கு என்று சொல்லிவிட்டு முப்பது பயிற்சிக்கு ஓடிவிடும் புத்தகம் உனக்கு உதவாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. நாலு கட்டு, இரண்டு உதிரி. ஏழை எடுக்க ஒரு கட்டைப் பிரி. இந்தப் பிரிப்பைத்தான் தாளில் எழுதுகிறோம் என்று உனக்குப் புரியும்படி சொல்கிற புத்தகம் போதும்.

இப்படிப் பார்த்தால் சிங்கப்பூர் புத்தகத்துக்கு ஏன் இத்தனை பெயர் என்பது விளங்கும். அந்நாட்டுக் கல்வி அமைச்சு 1980களில் உருவாக்கிய முறை அது: முதலில் கையில் பொருள், அடுத்துப் படம், கடைசியில்தான் எண்ணும் குறியும். கதைக்கணக்குகளைப் பட்டை வரைந்து போடுவார்கள். அண்ணனிடம் தம்பியைவிட 12 கோலி அதிகம், இருவரிடமும் சேர்த்து 40 என்றால், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டை. நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் 12ஐ வெட்டினால் மிச்சம் 28, பாதி 14. எக்ஸ் இல்லாமலே இயற்கணிதம் வந்துவிடுகிறது. ஆனால் அதன் உயிர் ஆசிரியர் கையேட்டில் இருக்கிறது. காசை மிச்சம் பிடிக்க மாணவர் புத்தகத்தை மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

ஜான் சாக்சன் அமெரிக்க விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று வாத்தியாரானவர்; புத்தகத்திலும் அந்த ஒழுங்கு தெரியும். தினம் ஒரு துளி புதியது, மீதியெல்லாம் பழையதை மறுபடி மறுபடி. சில குழந்தைகளுக்கு அது பெரிய ஆறுதல். உன் பையன் நாலாம் நாள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வான் என்று நினைக்கிறேன். பீஸ்ட் அகாடமி, பூதங்கள் வரும் காமிக்ஸ். புதிர்ப் பைத்தியங்களுக்கு விருந்து. தடுமாறுகிற பிள்ளைக்கு அதுவே முழுப்பாடமானால் சிரமம்.

என்.சி.இ.ஆர்.டி.யும் சமச்சீரும் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. அதனாலேயே அவற்றைக் குறைவாக நினைக்காதே. என்.சி.இ.ஆர்.டி. தொடக்கநிலைக் கணக்குப் புத்தகங்கள் நல்ல கேள்வி கேட்பவை. குறை ஒன்றுதான்: வகுப்பில் ஓர் ஆசிரியர் விளக்குவார் என்று நம்பி எழுதப்பட்டவை, விளக்கம் குறைவு. அந்த இடத்தை நீ நிரப்ப முடிந்தால் டாலர் செலவே இல்லை. என் கருத்து: சமச்சீரை முதுகெலும்பாக வைத்துக்கொள். சிங்கப்பூர் கையேட்டில் ஒரு வகுப்புக்கு உரியதை மட்டும் வாங்கி, அவனுக்கல்ல, உனக்காகப் படி.

காசில்லாத கணக்குப் புத்தகம் ஒன்று உன் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த பி.கே. சீனிவாசன், காலண்டரை மட்டுமே வைத்துக் குழந்தைகளுக்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுதியவர். உன் வீட்டு மாதக் காலண்டரில் மூன்றுக்கு மூன்றாக ஒரு கட்டம் போடு. உள்ளே இருக்கும் ஒன்பது தேதிகளின் கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணின் ஒன்பது மடங்கு. ஏன் என்று அவனிடம் சொல்லிவிடாதே. ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

புத்தகத்தின் மேல் போட்டிருக்கும் வகுப்பு எண்ணுக்கும் அவன் வயதுக்கும் முடிச்சுப் போடாதே. சிங்கப்பூரும் சாக்சனும் நிலையறியும் தேர்வுத் தாளை இலவசமாகவே தருகின்றன. போட வை, நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு. தொடங்கிய பின் ஆண்டு நடுவில் மாற்றாதே. ஒவ்வொன்றும் பாடங்களை வேறு வேறு வரிசையில் வைத்திருக்கும். தாவினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும், தனக்குக் கணக்கு வராது என்று பிள்ளை நினைத்துக்கொள்வான்.

வாய்ப்பாடு எப்போது என்று உன் மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாய். அமெரிக்காவின் மான்செஸ்டர் நகரில் 1929இல் பெனசட் என்ற கல்வி அதிகாரி, சில வகுப்புகளில் முறையான எண்கணிதத்தை ஆறாம் வகுப்புவரை தள்ளிவைத்தார். பிள்ளைகள் ஓராண்டில் மற்றவர்களை எட்டிவிட்டதாக எழுதினார். இதை மாமியாரிடம் ஆயுதமாக நீட்டாதே! அதுவரை அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை; அளந்தார்கள், மதிப்பிட்டார்கள், நிறையப் பேசினார்கள். தவிர, மாமியார் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக முந்திரி, அதாவது 1/320 வரை பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். அவ்வளவு வேண்டாம். இரண்டிரண்டாக, ஐந்தைந்தாகத் தாவி எண்ணப் பழகிய பிறகு பத்தாம் வாய்ப்பாடு வரை நாக்கில் நிற்கட்டும். அந்த வேலையை அவரிடமே கொடு. உன்னைவிட நன்றாகச் செய்வார்.

பத்தாம் வகுப்புத் தேர்வைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுத 14 வயது ஆகவேண்டும், அவனுக்கு ஏழுதான். அங்கே கணக்கைப் பாடமாக எடுக்காமலும் தேறலாம். ஆனால் பின்னால் பொறியியல் என்று ஆசைப்பட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் பெரும்பாலும் கணக்கு வேண்டியிருக்கும். அதை அவன் பன்னிரண்டு வயதில் சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
அக்கா