படகுக்கு ஒரு படிக்கட்டு

பொங்கல் லீவில் பூலாம்பட்டி அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காவிரியில் விசைப்படகு ஏறி நெரிஞ்சிப்பேட்டைக்குப் போனோம். "அண்ணா, இப்படியே பவானி கூடுதுறைக்குப் போயிரலாமுங்களா?" என்று படகுக்காரரிடம் கேட்டேன். "எங்க கண்ணு போறது? கதவணை குறுக்க நிக்குதில்ல!" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

டீச்சரிடம் கேட்டேன். "லாக் இருந்தால் போகலாம்" என்றார்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி. மேலிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். பிறகு சிறு மதகைத் திறந்தால் தண்ணீர் கீழ்ப்பக்கம் வடியும். படகும் கூடவே இறங்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் முன்கதவைத் திறப்பார்கள். ஏறுவதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். தண்ணீரை ஏற்ற, இறக்க மோட்டாரே வேண்டாம்! 1914-இல் திறந்த பனாமா கால்வாயில் கப்பல்கள் 26 மீட்டர் உயரம் ஏறுவதும் இப்படித்தான்.

நம் தமிழ்நாட்டிலும் பக்கிங்காம் கால்வாயில் லாக்குகள் கட்டினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தில் பசித்த மக்கள் கூலிக்கு வெட்டினார்கள். உப்பும் விறகும் படகில் வந்தன. இன்று அங்கே சேறும் சாக்கடையும்தான். அந்தப் படகுகள் நின்றுபோயின.

நம்ம ஊர் வாய்க்காலில் பிளாஸ்டிக் கவரை வீசும் முன் இதை நினைப்போமா நண்பர்களே?

– 9-ஆம் வகுப்பு மாணவி