டம்ளர் ஏன் வட்டம் போடுகிறது?

ஒரு டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாது. வட்டம் போட்டுத் திரும்பி வரும். ஏன்? அதன் வாய் பெரியது. அடி சிறியது. ஒரு சுற்றில் வாய் அதிக தூரம் போகிறது. அடி குறைந்த தூரமே போகிறது.

இது தெரியாமல் எங்கள் குழு பணத்தை இழந்தது.

எங்கள் வகுப்புப் பெண்கள் சேர்ந்து எலுமிச்சை ஊறுகாய் போடுகிறோம். 500 லேபிள் அச்சடித்தோம். அதில் உள்ள வரிகளை அக்காக்களே எழுதிக் கொடுத்தார்கள். தங்கள் எழுத்தை அச்சில் பார்த்ததும் எல்லோருக்கும் பெருமை.

லேபிள் நீளமான நேர்த்தாள். டப்பாவோ டம்ளர் போல வாய் அகன்றது. சுற்றி ஒட்டினோம். மேலே சரியாகப் பொருந்தியது. கீழே மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. எடையும் தேதியும் மடிப்புக்குள் போய்விட்டன.

கடைக்காரர் டப்பாக்களைத் திருப்பித் தந்தார். "தேதி தெரியாத சாமானை நான் எப்படி விற்பது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

குழுவில் தையல் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பாவாடை மாதிரி. இடுப்பு குறுகல், கீழே அகலம். குடைப் பாவாடைக்கு யாராவது நேராகத் துணி வெட்டுவார்களா? வளைத்துத்தானே வெட்டுவோம்!" என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம்.

1. டப்பாவைச் சுற்றி ஒரு வெள்ளைத்தாளை இறுக்கமாகச் சுற்றினோம்.
2. டப்பாவின் மேல் ஓரத்திலும் அடி ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டோம். தாள் ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடத்திலும் கோடு போட்டோம்.
3. தாளைப் பிரித்து, கோட்டின் மேல் வெட்டினோம். விசிறி போன்ற வளைந்த தாள் கிடைத்தது.
4. ஒட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் 1 செ.மீ. கூடுதலாக விட்டோம்.

கணக்குப் போட்டும் இதை வரையலாம். எங்கள் டப்பாவின் வாய் அகலம் 10 செ.மீ. அடி அகலம் 8 செ.மீ. சாய்ந்த பக்கத்தின் உயரம் 8 செ.மீ.

வாய் அகலத்தை உயரத்தால் பெருக்குங்கள்: 10 × 8 = 80.
இரண்டு அகலங்களின் வித்தியாசம்: 10 – 8 = 2.
80 ÷ 2 = 40.

ஓர் ஆணியில் 40 செ.மீ. நூல் கட்டி, நுனியில் பென்சிலை வைத்து வளைவு போடுங்கள். இது மேல் ஓரம். நூலை 8 செ.மீ. குறைத்து, 32 செ.மீ. வைத்து இன்னொரு வளைவு போடுங்கள். இது கீழ் ஓரம். மேல் வளைவை 31.4 செ.மீ. நீளத்துக்கு எடுங்கள். அதன் இரு முனையிலிருந்தும் ஆணியை நோக்கி நேர்க்கோடு போட்டு வெட்டுங்கள்.

எழுத்தும் வானவில் போல வளைந்தே அச்சாக வேண்டும். நேராக அச்சடித்தால், ஒட்டிய பிறகு வரியின் நடு தொங்கியது போலத் தெரியும். வளைத்து அச்சடித்தால் டப்பாவில் நேராகத் தெரியும்.

இந்த முறை ஒரு தாளை ஒட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றை அச்சுக்குக் கொடுத்தோம். மடிப்பு இல்லை. தேதியை அக்கா விரல் வைத்து வாசித்தார். கடைக்காரரும் வாசித்தார். டப்பாக்களை வாங்கிக் கொண்டார்.

செய்து பாருங்கள்

வாய் 12 செ.மீ., அடி 9 செ.மீ., சாய்ந்த உயரம் 9 செ.மீ. உள்ள டப்பாவுக்கு எவ்வளவு நூல் வேண்டும்?
(விடை: மேல் ஓரத்துக்கு 36 செ.மீ., கீழ் ஓரத்துக்கு 27 செ.மீ.)

உங்கள் வீட்டில் உள்ள ஒரு டப்பாவின் லேபிளை வாசியுங்கள். எடை, விலை, தேதி மூன்றும் தெளிவாகத் தெரிகின்றனவா?